பக்கவாட்டில் ஒரு வாசல்: அமிகா 500 கணினிக்கு வன்தட்டு வந்த கதை

இலண்டனிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வீடு மாறுவதற்காகப் பரணைத் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது ஒரு பெட்டி அகப்பட்டதாம். "அண்ணை, மகன் சின்ன வயசில வச்சிருந்த கொம்பியூட்டர் ஒண்டு கிடக்குது. அமிகா 500. இதுக்கு இப்ப ஒரு ஹார்ட் டிஸ்க் பூட்டலாமோ?" என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணினிக்கு இனி எதற்கு வன்தட்டு என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அவரது தாயார் இலண்டனுக்கு வந்து சேர்ந்தார். மாலை வேளைகளில் அவர் சொன்ன கதைகளைப் பேரன் ஆங்கில எழுத்துகளில் தமிழாகத் தட்டி அந்தக் கணினியில் சேமித்து வைத்தான். தாயார் இன்று இல்லை. கதைகள் ஒரு பிஸ்கற் பேணிக்குள், பிளொப்பித் தட்டுகளில் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுத்து, அந்தக் கணினியிலேயே நிலையான ஓர் இடத்தில் வைக்க வேண்டும் என்பதே அவரது விருப்பம்.

கணினித் தொழில்நுட்பம் எனது துறையன்று. ஆனால் நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் உழைத்தவனுக்குக் கேள்வி ஒன்று அகப்பட்டால் விட மனம் வராது. தேடத் தொடங்கினேன். சிறியதாயினும் சுவையான ஒரு வரலாறு கிடைத்தது. அதனை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வீட்டுக்கு எட்டாத பொருள்

ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு 1956இல் பிறந்தது. ஐபிஎம் நிறுவனம் அந்த ஆண்டில் அறிமுகம் செய்த ரமாக் கணினியில் இருபத்து நான்கு அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. அத்தனை தட்டுகளிலும் சேமிக்க முடிந்தது 50 இலட்சம் எழுத்துகள் மாத்திரமே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது போதாமற் போகலாம்.

மேசைமேல் வைக்கத்தக்க வன்தட்டு வருவதற்கு அதன் பின்னர் இருபத்து நான்கு ஆண்டுகள் சென்றன. அலன் சுகார்ட் முதலானோர் நிறுவிய சீகேற் நிறுவனம் 1980இல் ஐந்தேகால் அங்குல வன்தட்டைச் சந்தைக்கு விட்டது. கொள்ளளவு 5 மெகாபைற். விலை ஏறத்தாழ 1,500 டொலர். 1983இல் ஐபிஎம் தனது எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைற் வன்தட்டைப் பொருத்தியபோது, அலுவலகக் கணினிக்கு வன்தட்டு வேண்டும் என்ற எண்ணம் நிலைபெற்றது.

வீடுகளின் நிலை வேறு. 1982இல் அமெரிக்காவில் வெளிவந்த கொமடோர் 64 கணினியின் விலை 595 டொலர். கணினியைவிட இரண்டரை மடங்கு விலையான வன்தட்டை வீட்டுக்கு யார் வாங்குவார்? ஆகவே அக்கால வீட்டுக் கணினிகள் கசெற் நாடாவையோ பிளொப்பியையோ நம்பியே வாழ்ந்தன. மின்சாரத்தை நிறுத்தினால் அவை அனைத்தையும் மறந்துவிடும்.

அமிகா 500

கொமடோர் நிறுவனம் 1987இல் வெளியிட்ட அமிகா 500, அந்த மரபில் வந்த கணினிதான். ஜே மைனர் என்ற பொறியியலாளரின் தலைமையில் உருவான அமிகா, 1985இல் முதன்முதல் வெளியானபோதே படத்திலும் ஒலியிலும் தன் காலத்தை முந்தி நின்றது. அதே ஆற்றலை விசைப்பலகைக்குள்ளேயே அடக்கி, குறைந்த விலையில் வீடுகளுக்குக் கொண்டுசென்றது அமிகா 500. பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் அது பெரும் வரவேற்பைப் பெற்றது. 1989இல் பிரித்தானியாவில் 'பற்மன்' விளையாட்டுடன் சேர்த்து விற்கப்பட்ட பொதி, நத்தார்ப் பரிசாகப் பல வீடுகளுக்குள் நுழைந்தது. புலம்பெயர்ந்த நம்மவர் பிள்ளைகளிற் சிலரும் அதில்தான் முதன்முதல் கணினியைத் தொட்டார்கள்.

அதன் நினைவகம் 512 கிலோபைற். வலப்பக்கத்தில் ஒரு பிளொப்பி இயக்கி இருந்தது. ஒரு பிளொப்பியில் 880 கிலோபைற் அடங்கும். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே சிக்கல் விளங்கும். ஒரு பிளொப்பியைப் பிரதி எடுப்பதற்குக்கூட, அது முழுவதும் நினைவகத்துக்குள் அடங்காது. மூலத்தைப் போட்டு, எடுத்து, பிரதியைப் போட்டு, எடுத்து, மீண்டும் மூலத்தைப் போட வேண்டும். 1992இல் அமிகாவுக்கு வந்த 'மங்கி ஐலண்ட் 2' என்ற விளையாட்டு 11 பிளொப்பிகளில் விற்பனையானது. கதாநாயகன் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும்போதெல்லாம், இந்தத் தட்டை எடு, அந்தத் தட்டைப் போடு என்று இயந்திரம் கேட்டுக்கொண்டேயிருக்கும். விளையாடுபவருக்குப் பாதி வேலை தட்டு மாற்றுவதுதான்.

இடப்பக்க மூடி

அமிகா 500ஐக் கையிலெடுத்துப் பார்ப்பவர்கள் அதன் இடப்பக்கத்தில் ஒரு சிறிய பிளாஸ்ரிக் மூடியைக் காண்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த மூடி ஒருபோதும் திறக்கப்படவில்லை. திறந்தால் உள்ளே 86 தொடுபுள்ளிகள் கொண்ட ஓர் இணைப்பு விளிம்பு தெரியும். கணினியின் மூளையாகிய மோட்டரோலா 68000 செயலி பேசும் மொழி முழுவதும் அந்த விளிம்பில் வெளியே கேட்கும்.

வாசல் இருந்தால் மாத்திரம் போதாது. வருபவர் யார் என்று விசாரிக்கும் முறையும் வேண்டும். அக்கால ஐபிஎம் வகைக் கணினிகளில் ஒரு துணைக்கருவியைப் பொருத்துவதென்றால், அதன் சிறு ஆளிகளைக் கையால் நகர்த்தி, இதன் முகவரி இது என்று மனிதனே தீர்மானிக்க வேண்டும். இரு கருவிகள் ஒரே முகவரிக்கு உரிமை கோரினால் கணினி நின்றுவிடும்.

அமிகாவை வடிவமைத்தவர்கள் 1985இலேயே இதற்கு ஒரு தீர்வை வைத்திருந்தார்கள். அதற்கு ஓட்டோகொன்பிக் என்று பெயர். கணினியை இயக்கியதும் ஒவ்வொரு துணைக்கருவியும் வரிசையில் நின்று, தன்னைச் செய்தவர் யார், தனக்கு எவ்வளவு இடம் தேவை என்று சொல்லும். கணினி ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுக்கும். பிறகு அடுத்தவர். இந்த வசதியை 1995இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 95 உடன் பெரும் விளம்பரத்தோடு அறிமுகம் செய்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஏ590

அந்த இடப்பக்க வாசலுக்குக் கொமடோர் நிறுவனமே 1989இல் ஒரு வன்தட்டுப் பெட்டியைச் செய்தது. பெயர் ஏ590. கணினியின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பெட்டிக்குத் தனியான மின்வழங்கி இருந்தது. உள்ளே 20 மெகாபைற் வன்தட்டு ஒன்றும், மேலும் 2 மெகாபைற் வரை நினைவகம் சேர்ப்பதற்கான குழிகளும் இருந்தன. பின்புறத்தில் ஸ்கசி என்ற பொது முறையிலான இணைப்பும் இருந்தது.

20 மெகாபைற் என்பது ஏறத்தாழ 23 பிளொப்பிகளின் கொள்ளளவு. இன்று நகைப்புக்குரிய அளவு. ஆனால் 11 தட்டுகளை மாற்றி மாற்றி அலுத்த ஒருவருக்கு அது விடுதலை.

விடுதலைக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. தொடக்கத்தில் விற்கப்பட்ட அமிகா 500களில், கிக்ஸ்டார்ட் எனப்படும் நிரந்தர மென்பொருளின் 1.2 பதிப்பு சில்லில் எழுதப்பட்டிருந்தது. அதற்கு பிளொப்பியிலிருந்து மாத்திரமே விழித்தெழத் தெரியும். எனவே வன்தட்டு இருந்தும், ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு பிளொப்பியைப் போட்டே தீரவேண்டும். 1988இல் வந்த 1.3 பதிப்பு இந்தக் குறையைப் போக்கியது. பழைய சில்லைக் கழற்றிப் புதியதை அதே குழியில் வைத்தால், கணினி நேரே வன்தட்டிலிருந்து எழும். அதே பதிப்போடு வந்த விரைவுக் கோப்பு முறை, தட்டின் ஒவ்வொரு 512 பைற் கூறிலும் முன்னர் தன் கணக்குக்காக எடுத்துக்கொண்ட 24 பைற்றை விட்டுக்கொடுத்து, முழு இடத்தையும் கோப்புக்கே அளித்தது.

தன்னைத் தானே அறிமுகம் செய்யும் தட்டு

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனித்தான் வருகிறது.

வன்தட்டு ஒன்றைக் கணினி பயன்படுத்த வேண்டுமானால், அதன் அளவு என்ன, எத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது, கோப்புகள் எந்த முறையில் அடுக்கப்பட்டுள்ளன என்பவை தெரிய வேண்டும். இந்த விபரங்களைக் கணினிக்குள்ளேயே எழுதிவைத்தால், எழுதிய காலத்தில் இருந்த தட்டுகளுக்கு மாத்திரமே அது பொருந்தும். கொமடோர் பொறியியலாளர்கள் வேறு வழியில் சென்றார்கள். வன்தட்டின் முதல் 16 கூறுகளுக்குள் ஓரிடத்தில் ஓர் அறிமுகக் குறிப்பை வைத்தார்கள். 'ரிஜிட் டிஸ்க் புளொக்' என்பது அதன் பெயர். தட்டின் அளவும் பிரிவுகளும் அங்கிருந்து தொடங்கும் பட்டியல்களில் இருக்கும். அதற்கும் மேலாக, தன்னை வாசிப்பதற்குத் தேவையான கோப்பு முறை மென்பொருளையே தட்டு தன்னுடன் சுமந்துவர முடியும்.

அதாவது, எதிர்காலத்தில் எத்தகைய தட்டு வரும் என்று தமக்குத் தெரியாது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். தெரியாததற்காக ஓர் இடத்தைக் காலியாக விட்டார்கள். பின்னாளில் பிறர் எழுதிய புதிய கோப்பு முறைகளும் பழைய அமிகாக்களில் இயங்குவதற்கு இந்த அடக்கமே காரணம் எனலாம்.

வாசல் திறந்திருந்ததால் பிறரும் வந்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த ஜிவிபி நிறுவனம் ஏ590ஐவிட ஆற்றல் மிக்க பக்கப் பெட்டிகளைச் செய்தது. வேறு சிலர் இன்னும் துணிந்தார்கள். கணினியைத் திறந்து, 64 கால்கள் கொண்ட செயலியையே பிடுங்கி, அந்தக் குழியில் தம் பலகையை வைத்து, அதன் முதுகில் செயலியை மீண்டும் அமர்த்தினார்கள். அப்பலகையிலிருந்து ஐ.டி.ஈ எனப்படும் மலிவான வன்தட்டுக்கு ஒரு நாடாக் கம்பி சென்றது.

1992இல் வெளிவந்த அமிகா 600, அமிகா 1200 ஆகியவற்றில் இத்தகைய வைத்தியம் தேவைப்படவில்லை. மடிக்கணினிகளுக்கான இரண்டரை அங்குல வன்தட்டைப் பொருத்த 44 ஊசி இணைப்பு தாய்ப்பலகையிலேயே இருந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. 1994 ஏப்ரல் 29ஆம் திகதி கொமடோர் நிறுவனம் தன் கதவை மூடியது.

நிறுவனம் இறந்த பின்னர்

வழக்கமாக இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். அமிகாவின் கதை முடியவில்லை.

வன்தட்டு வைத்திருந்தவர்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. பெரும்பாலான விளையாட்டுகள் இயங்குதளத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளொப்பி இயக்கியைத் தாமே நேரடியாக ஆட்டுவிப்பவை. திருட்டுப் பிரதியைத் தடுப்பதற்காகத் தட்டில் விசித்திரமான முறையில் எழுதப்பட்டவை. அவற்றுக்கு வன்தட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. 1996இல், அதாவது கொமடோர் மறைந்து இரண்டு ஆண்டுகளின் பின்னர், பேர்ட் யான் என்பவர் 'டபிள்யூஎச்டி லோட்' என்ற மென்பொருளை வெளியிட்டார். விளையாட்டு பிளொப்பியைத் தேடும்போது, அந்தக் கோரிக்கையை இடைமறித்து வன்தட்டிலிருந்து கொடுப்பது அதன் வேலை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே ஒரு சிறு நிரல் எழுத வேண்டும். ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் இருந்து ஆயிரக்கணக்கில் எழுதினார்கள்.

வன்பொருளிலும் ஓர் எதிர்பாராத உதவி வந்தது. சான்டிஸ்க் நிறுவனம் 1994இல் புகைப்படக் கருவி போன்றவற்றுக்காக உருவாக்கிய கொம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை, மின்னியல் முறையில் ஐ.டி.ஈ வன்தட்டைப் போலவே நடந்துகொள்ளக்கூடியது. ஊசிகளைப் பொருத்திக் கொடுக்கும் ஒரு மலிவான இணைப்பி போதும். அமிகா 1200 அந்த அட்டையை வன்தட்டு என்றே நம்பிவிடும். ஏ590 போன்ற ஸ்கசி பெட்டிகள் உள்ளவர்களுக்கு, எஸ்.டி அட்டையை ஸ்கசி வன்தட்டாகக் காட்டும் சிறு பலகைகள் இன்று கிடைக்கின்றன. அமிகா 500இன் பக்க வாசலுக்கும் செயலிக் குழிக்கும் ஏற்ற புதிய ஐ.டி.ஈ பலகைகளையும் ஆர்வலர்கள் செய்து விற்கிறார்கள். 1989இன் சுழலும் தட்டுகளோ, மசகு இறுகியும் தலை ஒட்டியும் ஒவ்வொன்றாக மடிந்துவருகின்றன.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய அமிகா மென்பொருள், தட்டில் ஓரிடத்தைக் குறிக்க 32 பிட் எண்ணைப் பயன்படுத்துகிறது. அந்த எண்ணால் 4 ஜிகாபைற் வரைதான் எண்ண முடியும். பெரிய அட்டையைப் போட்டு அந்த எல்லையைத் தாண்டி எழுதினால், எண் சுற்றி வந்து மீண்டும் பூச்சியத்தில் நிற்கும். எழுதப்படுவது தட்டின் தொடக்கத்தில், அறிமுகக் குறிப்பின் மேலேயே விழுந்து அனைத்தையும் அழித்துவிடக்கூடும். 2018இல் வெளிவந்த 3.1.4 இயங்குதளமும், 2021இன் 3.2 இயங்குதளமும் இதற்குப் பரிகாரம் தந்துள்ளன. அவை இல்லாதவர்கள் 4 ஜிகாபைற்றுக்குள் நின்றுகொள்வதே நல்லது. அதுவே ஏ590இன் 200 மடங்கு!

வோர்ஹோலின் தட்டுகள்

நண்பரின் பிஸ்கற் பேணி நினைவில் இருந்ததால் இன்னொரு சம்பவத்தையும் கவனித்தேன்.

1985 ஜூலை 23ஆம் திகதி நியூயோர்க் லிங்கன் சென்ரரில் முதல் அமிகா அறிமுகமானபோது, மேடையில் அமர்ந்து அதில் படம் வரைந்து காட்டியவர் புகழ்பெற்ற ஓவியர் அன்டி வோர்ஹோல். 1987இல் அவர் காலமானார். அவரது கணினியும் பிளொப்பிகளும் பிற்ஸ்பேர்க் நகரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் கிடந்தன. அத்தட்டுகளில் என்ன இருக்கிறது என்று கோரி ஆர்கேஞ்சல் என்ற கலைஞர் கேள்வி எழுப்பிய பின்னரே, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிக் கழக மாணவர்கள் அவற்றை வாசிக்க முற்பட்டார்கள். ஒருமுறை வாசிப்பதே தட்டைச் சிதைத்துவிடலாம் என்ற அச்சம் இருந்தது. தட்டுகளின் காந்தப் பதிவை அப்படியே பிரதி எடுத்துவிட்டு, பிரதியில்தான் ஆராய்ந்தார்கள். படங்கள் எவரும் அறியாத ஒரு கோப்பு வடிவத்தில் இருந்தன. அதனையும் அவிழ்த்து, யாரும் முன்னர் கண்டிராத 28 படங்களை மீட்டெடுத்த செய்தி 2014 ஏப்ரலில் வெளியானது.

உலகப் புகழ் பெற்ற ஓவியரின் படைப்புகளே ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் வாசிப்பாரின்றிக் கிடந்தன என்றால், நம் வீட்டுப் பேணிகளுக்கு யார் பொறுப்பு?

நண்பருக்குச் சொன்னது

அறிந்தவற்றைத் தொகுத்து நண்பருக்கு எழுதினேன். அவசரப்பட்டு எந்தத் தட்டையும் பழைய இயக்கிக்குள் போட வேண்டாம். அழுக்கேறிய தலை தட்டைச் சுரண்டிவிடும். கணினியின் அடிப்பக்கத்தில் நினைவக விரிவு அட்டை இருந்தால், அதிலுள்ள மின்கலம் கசிந்துள்ளதா என்று முதலில் பார்க்கவும். முதலில் தட்டுகளைப் பிரதி எடுக்கவும். வன்தட்டு அதன் பிறகுதான்.

இலண்டனில் இத்தகைய வேலை தெரிந்த ஓர் இளைஞர் உதவினார். தட்டுகள் பிரதி எடுக்கப்பட்டன. செயலிக் குழியில் ஒரு சிறு பலகை ஏறியது. தபால்தலையைவிடச் சற்றே பெரிய ஓர் அட்டை வன்தட்டாக அமர்ந்தது. கணினி பிளொப்பியைக் கேட்காமல் தானே எழுந்தது. நண்பரின் மகனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல். தான் சிறுவனாகத் தட்டிய எழுத்துகளைப் பார்த்து, அப்பம்மாவின் சொற்களை வாய்விட்டு வாசித்தானாம். ஆங்கில எழுத்தில் இருந்தாலும் அது யாழ்ப்பாணத் தமிழ்.

கதைகள் நான்கு தட்டுகளில் இருந்தன. மூன்று வாசிக்கப்பட்டன. நான்காவது வாசிக்கப்படவில்லை. காந்தப் பூச்சில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் திறந்து பார்த்திருந்தால் அதையும் மீட்டிருக்கலாம் என்று அந்த இளைஞர் சொன்னாராம்.

பக்கவாட்டில் ஒரு வாசலையும், தட்டில் ஒரு காலி இடத்தையும் விட்டுச்சென்ற பொறியியலாளர்களால் இயந்திரம் பிழைத்துக்கொண்டது. தட்டில் இருப்பதைக் காப்பாற்றும் வேலை அவர்களுடையதன்று. வாசகர்களே, உங்கள் பரணிலும் அப்படி ஒரு பேணி இருந்தால், அடுத்த ஆண்டுவரை அதனை விட்டுவைக்க வேண்டாம்.